ஆடாத முள்

நெல்மணி அளவுதான் இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டு. எண்ணெய் அழுத்தம் காட்டும் ஆயில் பிரஷர் கேஜின் முதுகில் முறுக்கியிருந்த செம்புக் குழாயைக் கழற்றியதும் ஒரு சொட்டுக் கறுத்த எண்ணெயோடு என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை, ஆனால் வண்டிக்கு முன்னால் பானெட்டைத் திறந்துவைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த குழந்தைவேலு அந்த நேரம் பார்த்துத் தலையை நீட்டி, "என்னங்க்கா, எதாச்சும் உளுந்துருச்சுங்களா?" என்றான். கையை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, வாஷர்." எழுபத்தொரு வயதில் மாடிப்படி ஏற நேரமாகிறது, பெயர்கள் நினைவுக்கு வர நேரமாகிறது, பொய்க்கு மட்டும் நேரமாவதில்லை. "பாத்துங்க, அந்தக் காலத்துல பண்ணுன மாதிரி மூக்குக் கண்ணாடிய உள்ள வெச்சு டேஷ்போர்ட மூடிப்போடாதீங்க" என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். என் தம்பி. அறுபத்தாறு வயது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குத் தெற்கே இருக்கிற பந்தய டிராக்கில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இந்தப் பச்சை நிற இரண்டு இருக்கை வண்டியை ஓட்டப்போகிறான். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே டிராக்கில் மூன்றாவது வளைவில் இதே வண்டியில்தான் அது நடந்தது. இடையில் இரண்டு கை மாறி, யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைச் சித்திரையில் தேடிப்பிடித்து வாங்கி வந்தான். எஞ்சின் வேறு, சக்கரங்கள் வேறு, டேஷ்போர்டு மட்டும் அப்படியே இருந்தது. அதை யாரும் கழற்றவில்லை. என்னைத் தவிர யாருக்கும் அதற்குள் கைவைக்கக் காரணம் இருக்கவில்லை. குழாயின் திருகு மரை நன்றாகப் பிடித்திருந்தது. நான் முறுக்கிய மரை.

தகர ஷெட்டுக்குள் மத்தியான வெயில் இறங்கி, இருக்கையின் ரெக்சின் முதுகில் ஒட்டுகிறது. மடியில் டேஷ்போர்டு கிடக்கிறது, வட்ட வட்டமாய் ஓட்டைகளோடு, கண்கள் பிடுங்கிய முகம் மாதிரி. வேண்டாம், இப்படி நினைக்கக் கூடாது. வேலையைப் பார். தண்ணீர்ச் சூட்டுக்கான கேஜை எடு, அதன் எழுத்துகள் சாய்ந்து போகும்படி திருப்பு, சரியான சூட்டில் முள் எங்கே நிற்குமோ அந்த இடம் நேர் உச்சிக்கு வரவேண்டும். எண்ணெய்ச் சூட்டுக்கும் அப்படியே. ஆயில் பிரஷருக்கும் அப்படியே. எண்கள் எல்லாம் குடித்தவர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து கிடக்கும், முட்கள் மட்டும் எல்லாம் நேராக, பன்னிரண்டு மணிக்கு நிற்பது போல நிற்கும். டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு எண் படிக்க நேரமில்லை, ஒரு பார்வை, எல்லாம் நேராக நின்றால் எல்லாம் நலம், ஒன்று சாய்ந்தால் காலை எடு. வேகம் காட்டுகிற மீட்டரை அந்தக் காலத்திலேயே தூக்கி எறிந்துவிட்டு அந்தப் பெரிய ஓட்டையில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரை வைத்தேன், வேகம் எவ்வளவு என்று தெரிந்து அங்கே யாருக்கு என்ன ஆகப்போகிறது. இதையெல்லாம் நான் எங்கும் படிக்கவில்லை. பம்ப் கம்பெனியின் சோதனை அறையில் நாள் முழுதும் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தானாகத் தோன்றியது. பௌதிகம் படித்துவிட்டு அந்த அறைக்குள் போன முதல் பெண் நான். கேஜ்களை எடை வைத்துச் சோதித்து, சரியென்று முத்திரை குத்துவது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மோட்டார் செக்‌ஷன் ஆட்கள் எட்டிப்பார்த்து, "லோகநாயகி அம்மா தொட்டா முள்ளு கூட நாணமா நிக்குதுப்பா" என்பார்கள். கேலிதான். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, அதுதான் வினை. சோதனை அறையில் முள் நடுங்கினால் அது குற்றம், பம்பின் துடிப்பு கேஜுக்குள் ஏறுகிறது என்று பொருள், குழாய்க்குள் ஒரு சின்னத் துளையுள்ள பித்தளையைச் செருகுவோம், நடுக்கம் அடங்கிவிடும், சராசரி தெரியும், சராசரிதான் எங்களுக்கு வேண்டும். அன்றைக்கு, பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, தம்பி பயிற்சி ஓட்டம் முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினான்: "அக்கா, இந்த ஆயில் முள்ளு சாமி வந்த மாதிரி ஆடுதுங்க. மூணாவது வளைவுல இன்னும் சாஸ்தி. ரோட்டப் பாக்கறதா இதப் பாக்கறதா?" இன்னும் சாஸ்தி என்றான். மூன்றாவது வளைவில் என்றான். அந்த இரண்டு சொல்லும் என் காதில் விழுந்தன, விழுந்து கிடக்கின்றன. ஒரு முள் எல்லா இடத்திலும் நடுங்கினால் அது பம்பின் துடிப்பு. ஒரே ஒரு வளைவில் மட்டும் கூடுதலாய்ச் சரிந்தால்? நீண்ட இடது வளைவு அது, எண்ணெய் முழுக்க, எஞ்சினுக்கு அடியில் அது தேங்கி நிற்கும் ஆயில் சேம்பரின் ஒரு பக்கமாய் ஒதுங்கி ஏறிவிடும், உறிஞ்சுகிற வாய் காற்றை உறிஞ்சும், இரண்டு மூன்று விநாடி எஞ்சினுக்குள் எண்ணெயே இருக்காது. முதலாம் ஆண்டு மாணவிக்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரைப் பேருந்தில் பிடித்தவளுக்குத் தெரியும். நான் கேஜைத்தான் குறை சொன்னேன். "ஆடறத நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சாப்பிடு" என்றேன்.

பித்தளைத் துண்டு ஒன்றில் அரை மில்லிமீட்டர் துளை போட்டுக் குழாய்க்குள் செருகினேன். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் லேசாக, மிக லேசாக, இமை துடிப்பது போல ஒரு துடிப்பு. அதோடு விட்டிருக்கலாம். அரை மில்லிமீட்டரோடு விட்டிருந்தால் அவன் எதையாவது பார்த்திருப்பான். எனக்குப் போதவில்லை. ஈயத்தை உருக்கித் துளையை அடைத்து, ஈயம் ஆறுவதற்குள் தையல் ஊசியின் முனையால் குத்தி எடுத்தேன். இப்போது உள்ளங்கையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன், ஓட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கண்ணின் குற்றமா, இல்லை அவ்வளவு சின்னதாகவா குத்தினேன். முள் நின்றது. சிலை. அவன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா கை பட்டா எல்லாம் அடங்கிருமுங்க" என்றான். எஞ்சினை நிறுத்தினான். முள் உடனே விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணும் நேரம் எடுத்து, கூந்தல் அவிழ்வது போல மெல்ல இறங்கியது. என்ன அழகு என்று நினைத்தேன். ஐயோ, அப்படித்தான் நினைத்தேன், அந்த வார்த்தைகளில். எஞ்சின் நின்ற பிறகும் ஐந்து விநாடி எண்ணெய் இருக்கிறது என்று ஒரு முள் சொல்கிறது, அதை ஒரு பௌதிகக்காரி நின்று ரசிக்கிறாள். அந்த ஐந்து விநாடிக்குள் ஒரு வளைவு முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது வளைவில் எண்ணெய் இல்லாமல் ஓடி, முள் மட்டும் நேராய் நின்று, எல்லாம் நலம் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே. ஆறு சுற்று தாங்கியது. ஏழாவதில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி சுழன்று டயர்ச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. அங்கே மஞ்சள் கொடியோடு ஆறுச்சாமி நின்றிருந்தார். மில் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் பார்க்கிற ஆசைக்காகக் கொடி பிடிக்க வருகிறவர். வலது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. நான் பார்வையாளர் மேடையில் இருந்தேன், சத்தம் எனக்கு எட்டிய போது எல்லாம் முடிந்திருந்தது, புழுதி மட்டும் நிதானமாக எழும்பியது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?" "வேண்டாம் கண்ணு." "வெயிலுல கருவாடாயிருவீங்க." "ஆயிட்டா நீ கொழம்பு வெய்யி." சிரிக்கிறான். எத்தனை லேசாகச் சிரிக்கிறான், இந்தக் கை மூடியிருப்பது தெரியாமல். விரல்களுக்குள் பித்தளை சூடேறி என் உடம்பின் சூட்டுக்கு வந்துவிட்டது, இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்குப் பந்தயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். பொன்னுரங்கம் மேஸ்திரி பேரிங்கை எடுத்துத் துணியில் துடைத்து என்னிடம் காட்டினார். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கருநீலமாய்க் கருகியிருந்தது. "என்னம்மா இது, எண்ணெய் காணாத பேரிங்காட்டம் இருக்குது" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து. இதே உள்ளங்கை. அவருக்குப் பின்னால் நின்ற பந்தயக் கமிட்டிக்காரர், "நாலாங் கியருக்குப் போறதுக்குப் பதிலா ரெண்டுல தட்டியிருப்பான், எஞ்சின் தாறுமாறாச் சுத்தி ஒடிஞ்சிருக்கும்" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். படித்தவள் சொல்லட்டும் என்று பார்த்தார். நான் பேரிங்கைத் தட்டில் திரும்ப வைத்தேன். "இருக்குமுங்க, கியர் மாறி உளுந்தா எது வேணா ஆகும்" என்று அவரும் துணியை உதறினார். பொம்பளை வைத்த கேஜ் என்று சொல்வார்கள் என்று பயந்தேன், சோதனை அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரியில் அதே கமிட்டிக்காரர் தம்பியின் கட்டில் அருகே உட்கார்ந்து, "கியர் தப்பா உளுந்துச்சா தம்பி?" என்று கேட்டார். தோள்பட்டை எலும்பு உடைந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தவன் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "தெரியலீங்க... இருக்கலாமுங்க" என்றான். கஞ்சி டம்ளரோடு நான் பக்கத்தில் நின்றேன். அந்த 'இருக்கலாம்' காதில் விழுந்ததும் என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது. நிம்மதி. அதன் பெயர் நிம்மதிதான், வேறு பெயர் தேடி முப்பத்தொன்பது வருஷம் போய்விட்டது.

'இருக்கலாம்' தீபாவளிக்குள் 'ஆமாம்' ஆகிவிட்டது. பொங்கலுக்குள் அவனுக்கு நினைவே வந்துவிட்டது. கியர்க் கம்பி எப்படி இடறியது, கை எப்படி வியர்த்திருந்தது, எந்த இடத்தில் தட்டியது, எல்லாம் சொல்வான். நடக்காத ஒன்றை அவ்வளவு துல்லியமாகச் சொல்வான், நான் தலையாட்டுவேன். பந்தயத்தை விட்டான். சாதாரண வண்டியிலும் கியர் போடும்போது ஒரு கணம் நிறுத்தி, கம்பியைப் பார்த்துப் போடுவான். "இவிங்க கியர் போடறதுக்குள்ள சிக்னல் ரெண்டு தடவ மாறிரும்" என்று அவன் மனைவி பூங்கோதை சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவன் இடது கை தொடைமேல் கியர் மாற்றுவது போல அசைந்துகொண்டிருக்கும். மூன்று, நான்கு. மூன்று, நான்கு. நான் எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்வேன். அவன் வீட்டு மாடியில் இருக்கிறேன், அவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன், அவன் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆறுச்சாமி வீட்டுக்குப் போவான், என்னையும் கூட்டிக்கொண்டு. அவருக்குப் பெட்டிக்கடை வைத்துக் கொடுத்திருந்தான். "ஒத்தக் கால்ல நின்னவனெல்லாம் வரம் வாங்கிட்டுப் போயிட்டானுங்க, எனக்குப் பொட்டிக்கடைதான் குடுத்தாரு சாமி" என்று ஆறுச்சாமி உரக்கச் சிரிப்பார். அவருடைய மரக்கால் எப்போதும் மேசைக்கு அடியில் என் பக்கமாய் நீட்டிக்கொண்டிருக்கும். போன வருஷம் படுக்கையில் விழுந்த பிறகு தம்பியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பச்ச வண்டிய ஒரு சுத்து, முழுசா ஒரே ஒரு சுத்து ஓட்டிப்போடுங்க தம்பி. பாதியில நிக்கறது எனக்கே நல்லால்ல" என்றார். தையில் போய்விட்டார். பாடைக்குப் பக்கத்தில் நின்று தம்பி குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னான். மன்னிச்சுக்குங்க என்றுதான் சொல்லியிருப்பான். நான் ஒரு முழம் தள்ளி மாலையோடு நின்றேன். அவன் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு மாலையைப் போட்டேன்.

இப்போது என்ன செய்வது. பித்தளையை மறுபடி உள்ளே வைத்து முறுக்கினால் ஞாயிற்றுக்கிழமை அதே வளைவு, அதே நேராய் நிற்கும் முள். வைக்க மாட்டேன். வைக்காமல் விட்டால் முள் ஆடும், ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் மூன்றாவது வளைவில் அவன் அதை வெறித்துப் பார்ப்பான், ஆயில் சேம்பருக்குள் தடுப்பு இல்லை, இந்த எஞ்சினும் காற்றைத்தான் குடிக்கும். அப்படியென்றால் தடுப்பு வைக்கச் சொல்லிவிட்டால்? தடுப்பு மட்டும். காரணம் சொல்லாமல். திருடப் போகிறவள் போலக் குரலைத் தாழ்த்திக் கூப்பிடுகிறேன். "கண்ணு." "சொல்லுங்க்கா." "ஆயில் சேம்பருக்குள்ள குறுக்கத் தடுப்புத் தகடு வெக்கோணும். வளைவுல எண்ணெய் ஒருபக்கமா ஒதுங்காம இருக்கும்." அவன் யோசிக்கிறான். "அப்பல்லாம் வெக்கலீங்களே?" "இப்ப எல்லாரும் வெக்கறாங்க. படிச்சேன்." "நீங்க சொன்னாச் சரிதானுங்க. நாளைக்குக் காலைல கழட்டி வெல்டு வெச்சுப்போடலாம்." அவ்வளவுதான். எவ்வளவு சுலபம். அவன் பிழைத்துக்கொள்வான், நானும் பிழைத்துக்கொள்வேன், இந்த நெல்மணியைச் சாயங்காலம் கிணற்றில் போட்டுவிட்டால் போயிற்று. அதே நிம்மதி. அதே இடத்தில் இறங்கி அதே மாதிரி அமர்கிறது, பழகின நாய் போல. "ஆனா அக்கா," என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கதவருகே வருகிறான், "எண்ணெயும் தகடும் என்ன பண்ணும் பாவம். தப்புப் பண்ணுனது இந்தக் கையி. அதுக்குத்தான் இதப் பாருங்க, உங்ககிட்டக் காட்டோணும்னு வெச்சிருந்தேன்." இருக்கைகளுக்கு நடுவே கியர்க் கம்பியைச் சுற்றி மூடியிருந்த துணியை விலக்குகிறான். எஃகுத் தகடு ஒன்று, கம்பி ஓடுவதற்குக் கால்வாய் வெட்டி, இரண்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கதவு வைத்து, நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறான். "மூணுலருந்து ரெண்டுக்கு நானே நெனச்சாலும் இனிப் போகாதுங்க. அஞ்சு மாசம் ராவி ராவிப் பண்ணுனேன்." தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவுகிறான், பிள்ளையின் நெற்றியைத் தடவுவது போல. ஒரு பிசிறு இல்லை. செய்யாத தப்புக்கு ஐந்து மாதம் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறான், நான் மாடியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படித்தேன், எரிச்சலாகக்கூட இருந்தது, ஜன்னலைச் சாத்தினேன்.

டேஷ்போர்டைப் பொருத்தினோம். சின்ன வயதில் ரேடியோ பிரிக்கும் காலத்திலிருந்து வழக்கம், அவன் கழற்றுகிற ஒவ்வொரு திருகாணிக்கும் நான் கையேந்துவேன், திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கொடுப்பேன், ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. இன்றைக்கு ஒரு கையால்தான் கொடுத்தேன். "இன்னொரு கைக்கு என்னங்க்கா ஆச்சு?" "மரத்துப்போச்சு." செம்புக் குழாயை நானே முறுக்கினேன், உள்ளே எதுவும் வைக்காமல். பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டேன், அவன் ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தான், முழங்கால் இடித்து முனகினான், சாவியைத் திருகினான். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. எண்கள் எல்லாம் சரிந்து கிடக்க முட்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. ஆயில் பிரஷர் முள் நேராய் ஏறி நின்றது, நின்று நடுங்கியது. சாமி வந்த மாதிரி. எத்தனையோ வருஷம் வாயைப் பொத்தி வைத்த ஒன்று மூச்சுவிடுவது போல. அவன் முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "ஆடுதுங்களே." "ஆமா." "அன்னைக்குப் பந்தயத்துல ஆடலீங்களே அக்கா. நீங்க கைவெச்ச பொறவு சுத்தமா ஆடவே இல்லீங்களே." என்னைப் பார்த்தான். கேள்வியாகக்கூட இல்லை, ஒரு பழைய ஆச்சரியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னான். இன்னும் ஒரு பொய் இருந்தது, கேஜ் பழசாகிவிட்டது என்று, நாக்கின் நுனியிலேயே இருந்தது. அவன் இடது கை கியர்க் கம்பியின் மேல் இருந்தது. மூன்று, நான்கு. தானாக. "எஞ்சின நிறுத்து கண்ணு" என்றேன். நிறுத்தினான். முள் ஒரு கணமும் நிற்காமல் பூஜ்யத்துக்கு விழுந்தது.

அவன் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்து விரித்து, என் கையைத் திறந்து அதில் பித்தளையைப் போட்டேன். "பந்தயத்துக்கு முந்தின நாளு சாயங்காலம் இத நாந்தான் குழாய்க்குள்ள வெச்சேன். வளைவுல எண்ணெய் போனது இதனால முள்ளுல தெரியல. பேரிங் கருகித்தான் எஞ்சின் இறுகுச்சு. நீ கியர மாத்திப் போடல. இந்தக் கை ஒண்ணும் பண்ணல கண்ணு." அவன் பித்தளையை விரலால் உருட்டினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, துளையைத் தேடினான். பட்டறை வேலை பார்ப்பவன் எந்தப் பொருளையும் பார்க்கிற அதே பார்வை. "இதுல ஓட்டையே இல்லீங்களே" என்றான் மெல்ல. "இருக்குது. ஊசி முனை." பித்தளையை இறக்கி, "எப்பருந்து தெரியுமுங்க உங்களுக்கு?" என்றான். "திங்கக்கிழமை. பேரிங்கப் பாத்தப்பவே." "ஆஸ்பத்திரில கமிட்டிக்காரரு எங்கிட்டக் கேக்கறதுக்கு முன்னாலயா?" "முன்னால." தலையை ஆட்டினான், கணக்குப் புரிந்தவன் போல. மன்னிச்சுக்க என்று சொல்ல வாயெடுத்தேன், பாடைக்கு அருகில் அவன் குனிந்தது நினைவு வந்தது, அந்தச் சொல்லையும் அவன்தான் எனக்காகச் செலவழித்திருக்கிறான், என்னிடம் மிச்சமில்லை. அவன் பித்தளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டேஷ்போர்டின் மேலிருந்த திருப்புளியை எடுத்தான். எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து, அந்த எஃகுத் தகட்டின் முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான். பழக்கத்தில் என் கை தானாக நீண்டது. முதல் திருகாணியைக் காலடியில் போட்டான். இரண்டாவதையும். மூன்றாவது உருண்டு இருக்கைக்கு அடியில் போயிற்று, அதை அவன் பார்க்கவில்லை. நான்காவது நன்றாக இறுகியிருந்தது, அவன் மூச்சுப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். கையை நான் எடுக்கவில்லை.